நெவில் வரும் வரை

“ரெண்டு ராஜாவைக் கையில வச்சுக்கிட்டு யாராவது அவ்வளவு பெரிய பந்தயம் கட்டுவாங்களா? எல்லாரும் ஓடிட்டோம் பாத்தியா” என்று மெர்ல் சிரித்தாள். “மீன் தூண்டிலைத் தொட்டவுடனே சுண்டி இழுக்காதே கண்ணு. கொஞ்சம் கயித்தை விட்டுப் பிடி.”

ரேலீனுக்கும் சிரிப்பு வந்தது. மெர்ல் சொன்னது சரிதான். போக்கரில் நல்ல சீட்டு வந்தால் மட்டும் போதாது. கடையில் எவ்வளவு நல்ல சரக்கு இருந்தாலும் வாங்க ஆள் வேண்டுமே. மட்டமான சீட்டுக்காரன் ஒருவன் ஆசைப்பட்டு உள்ளே நின்றால்தான் நம் பக்கம் பந்தயச் சில்லு சேரும்.

பர்னி துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த மதுவிடுதியில் செவ்வாய்தோறும் போட்டி. காசு கிடையாது, ஜெயித்தவருக்கு ஒரு தட்டு ஆட்டிறைச்சி. விவாகரத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த ரேலீன், நாலு பேர் பேச்சுக்குரல் கேட்கத்தான் வந்திருந்தாள். சில்லு தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டியதுதான். அவள் சில்லு தீரும் நிலையில் இருந்தது.

அவளுக்கு இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி. அதன் முன் சில்லுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள்.

“நெவிலோடது” என்றான் விடுதிக்காரன் டாரில். “அவன் எதுக்கும் அவசரப்படுற ஆள் இல்லை.”

ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயச் சில்லு வைக்க வேண்டும். ஒருவர் சிறியது, அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் பெரியது. ஆள் வராவிட்டாலும் அவர் சில்லிலிருந்து எடுத்து வைப்பார்கள். முறை வந்ததும் அவர் சீட்டைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்த முறை வருவதற்குள் மற்ற எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகிவிட்டால், நடுவில் இருப்பது முழுக்க வராதவருக்கே.

நெவில் பெரியது வைக்கும்போதெல்லாம் இதுதான் நடந்தது. எல்லாரும் வரிசையாகச் சீட்டைப் போட்டார்கள். சிறியதில் அவர் இழந்தது பெரியதில் திரும்பி வந்தது. அடுக்கு குறையவே இல்லை.

மறுபடியும் நெவில் பெரியது, ரேலீன் சிறியது. டாரில் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போட்டான். மெர்ல் போட்டாள். எல்லாரும் போட்டார்கள். ரேலீன் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டு ஏஸ். அதைவிட நல்ல ஜோடி கிடையாது.

பந்தயம் கட்டினால் காலி நாற்காலிக்காக நடுவில் வைத்த சில்லு அவளுக்கு. இன்னும் ஒரு சுற்று இங்கே உட்காரலாம்.

மெர்ல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரேலீன் சீட்டைக் கவிழ்த்து நடுவில் தள்ளினாள்.

சீட்டுகளைச் சேர்த்த மெர்ல், ஆட்ட முறையை மீறி ரேலீனுடையதைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். “அடிப்பாவி. ரெண்டு ஏஸையா போட்டே?”

“இந்த மழையில வர்ற மனுஷன்” என்றாள் ரேலீன். “வந்து உக்காரும்போது முன்னால நாலு சில்லு இருக்க வேணாமா?”

மெர்ல் அவள் கையைத் தட்டினாள். “இனிமே செவ்வாய்க்கிழமை அந்த இடம் உன்னோடது. சில்லு தீந்தாலும் எந்திரிக்கக் கூடாது. நெவில் பக்கத்துலயே இரு.”

“அவர் வந்ததும் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்.”

டாரில் நெவிலின் அடுக்கில் சில்லுகளைச் சேர்த்து விரலால் நேராக்கினான்.

“அவனை மார்ச் மாசமே புதைச்சாச்சு கண்ணு” என்றான். “உயிரோட இருந்தவரைக்கும் முதல் ஆளா தோத்துப்போயிடுவான். இப்பல்லாம் கடைசி மூணு பேருக்குள்ள வராம அவனை நாங்க விடுறதில்லை.”