மாப்பிள்ளை கணக்கு வாத்தியார்

"நானா? மணப்பெண்ணாவா? அதுவும் இவரோடவா?"

லத்தீன் டீச்சர் ஒர்தென்சியா கேட்ட கேள்விக்கு வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கதவோரம் கணக்கு வாத்தியார் எஜிதியோ நின்றிருந்தார். வெள்ளைப் படுக்கைவிரிப்பை ரோமானியர்கள் மாதிரி தோளில் சுற்றியிருந்தார். அது வழுக்கிக்கொண்டே இருந்தது.

சுல்மோனா ஊர்ப் பள்ளியில் அன்று ரோமானியர் விழா. பழங்கால ரோமானியக் கல்யாணம் ஒன்றை மாணவர்கள் நடித்துக் காட்ட வேண்டும். ஆனால் மணமக்களாக நடிக்க வேண்டிய கொராதோவும் ஜினெவ்ராவும் சண்டை போட்டுக்கொண்டு, மேடை ஏற மாட்டோம் என்று முரண்டு பிடித்துவிட்டார்கள்.

"சண்டைன்னா என்ன, நடிப்புதானே, சேர்ந்து நின்னா என்ன குறைஞ்சு போகும்னு காலையில நீங்கதானே டீச்சர் கேட்டீங்க?" என்றாள் ஒரியானா. நாடகத்தை இயக்குபவள் அவள்தான்.

"அது அவங்களுக்குச் சொன்னது!"

"உங்களுக்குப் பொருந்தாதா?"

ஆசிரியர் அறையில் ஒர்தென்சியாவும் எஜிதியோவும் ஆளுக்கொரு மூலையில் நின்று காபி குடிப்பவர்கள் என்பது பள்ளிக்கே தெரியும்.

"கீழ எல்லாரும் வந்து உட்கார்ந்தாச்சு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே, ஒரியானா ஆரஞ்சு நிற முக்காட்டை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டாள்.

மேடையில், மணமகள் யாரென்று மாப்பிள்ளை லத்தீனில் கேட்க வேண்டும். எஜிதியோ தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

ஒர்தென்சியா பல்லைக் கடித்தார். "பன்மையில கேட்டுட்டீங்க. 'நீங்க எல்லாரும் யாரு'ன்னு அர்த்தம். நான் ஒருத்திதான் நிக்கிறேன்!"

"சார், கணக்கு தப்பு!" என்று கீழேயிருந்து ஒரு குரல். அரங்கமே அதிர்ந்தது.

மணமக்களின் கைகளைச் சேர்த்துவைக்கும் பெண்ணின் வேஷம் ஒரியானாவுக்கு. அவள் இருவரின் வலக் கைகளையும் பிடித்துச் சேர்த்தாள். இனி மணமகள் பேச வேண்டும். கணவனைக் காயுஸ், தன்னைக் காயா என்று அழைத்து மணப்பெண் சொல்லும் ஒரே ஒரு வரி; வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. ஒர்தென்சியாவுக்கு அது வாயில் வரவில்லை.

எஜிதியோ மெல்ல எடுத்துக் கொடுத்தார். "நீ எங்கே காயுஸோ..." லத்தீனில் ஒரு பிழைகூட இல்லை.

"இது மட்டும் எப்படி மனப்பாடம்?" என்று முணுமுணுத்தார் டீச்சர்.

"ஒரு தடவை கேட்டிருக்கேன். மறக்கலை."

ஒர்தென்சியா முக்காட்டைக் கொஞ்சம் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீ எங்கே காயுஸோ, அங்கே நான் காயா."

கைதட்டல். ஊர் வழக்கப்படி சர்க்கரை பூசிய பாதாம் மழையாக வந்து விழுந்தது. முன்வரிசையில் கொராதோவும் ஜினெவ்ராவும் ஒரே பையில் கைவிட்டு அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய்! நீங்க ரெண்டு பேரும் சண்டைன்னு சொன்னீங்களே?" என்று டீச்சர் கத்தினார். யார் காதிலும் விழவில்லை.

திரை விழுந்தது.

"நாடகம் முடிஞ்சது, கையை விடுங்க" என்றார் ஒர்தென்சியா. எஜிதியோ விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

சேர்ந்திருந்த அந்தக் கைகளின் மேல் ஒரியானா தன் கையையும் வைத்தாள். இப்போது அவள் முகத்தில் குறும்பு இல்லை.

"போன வருஷம் கோர்ட்ல கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சப்போ, நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அதான் இன்னிக்கு நானும் கேக்கலை" என்றாள். "அப்பாவையும் சாப்பிட வரச் சொல்லும்மா."