முழு டேங்க்

"இதைத் தின்னுட்டு மெஷின்ல ஏறப்போறீங்களா? முதல்ல எடுத்துட்டுப் போங்க."

வாத்தியார் கேக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாணவருடைய பிறந்தநாளுக்கு அவர் மகள் செய்து கொடுத்த கேக். ஹெலிகாப்டர் கொட்டகையில் இருந்த மற்ற எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மாணவருக்கு முகம் சுண்டிப்போனது.

மாணவர் என்றதும் மீசை அரும்பிய பையன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர். கட்டட வேலையில் உயரக் கிரேன் ஓட்டியவர் என்பதால் இங்கே எல்லோருக்கும் கிரேன்காரர். கூண்டுக்குள் உட்கார்ந்தே பாதி ஆயுசு போனதில் உடம்பு கொஞ்சம் கனத்துவிட்டது. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஹெலிகாப்டர் பைலட் ஆகச் சட்டப்படி பதினெட்டு வயது முடிந்திருந்தால் போதும். அதற்கு மேல் வரம்பில்லை. டாக்டரும் பரிசோதித்துவிட்டுச் சரி என்றார். ஆனாலும் ஏறி இறங்கிய பயிற்சிப் பள்ளிகளில் எல்லாம், "இந்த வயசுல எதுக்குங்க?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

சேர்த்துக்கொண்டது இந்த வாத்தியார் ஒருத்தர்தான். கிரேன்காரரைவிட வயதில் சின்னவர். வாய்தான் பெரியது.

"வயசு பிரச்சினை இல்லைங்க, எடைதான் பிரச்சினை" என்றார் முதல் நாளே. "இது குட்டி மெஷின். நாம ரெண்டு பேரும் உட்கார்ந்தா பாதி டேங்க் பெட்ரோலைத்தான் தூக்கும். அதுல இங்கயே சுத்திக்கிட்டு இருக்கலாம். லைசென்ஸ் வேணும்னா என்னோட ஒரு தூரப் பயணம் போய்த் திரும்பணும். அதுக்கு முழு டேங்க் வேணும். இளைக்கிற வழியைப் பாருங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் சரக்கு நிறுக்கும் தராசில் இருவரும் சேர்ந்து ஏறி நின்றார்கள். மெக்கானிக் பெண் முள்ளைப் பார்த்துச் சொல்வாள். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்தால் முழு டேங்க்.

முள்ளும் மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்தது. வீட்டில் கிரேன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா, எப்படிக் குறைச்சேன்?"

"அப்படியா? ராத்திரி சமையலறையில பாத்திரம் உருட்டுற பூனையும் இளைச்சிருக்கும்" என்றாள் மனைவி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய கவலையெல்லாம் வேறு. ஹெலிகாப்டரில் வயலுக்கு மருந்து தெளிக்கும் முதலாளி ஒருவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். "எனக்கு வயசு முக்கியமில்ல. சீசன் தொடங்குறதுக்குள்ள லைசென்ஸோட வாங்க. இல்லேன்னா அனுபவம் உள்ள ஆளா பார்த்து எடுத்துப்பேன்." லைசென்ஸ் வாங்கியும் அனுபவம் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்கள் எத்தனையோ பேர். இதை விட்டால் அவருக்கு வேறு கதவு கிடையாது. சீசனும் வாசலுக்கு வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் கேக் சமாச்சாரம்.

"நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இவ்வளவு குறைச்சிருக்கேன். ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னாராம்மா?" என்று மெக்கானிக் பெண்ணிடம் பொருமினார். "பிறந்தநாளும் அதுவுமா, என் பொண்ணு செஞ்சது. ஒரு துண்டு வாயில போட்டா என்ன கெட்டுப்போகும்? சரியான சிடுமூஞ்சி."

"முன்னாடியெல்லாம் அவர் இப்படி இல்லண்ணே. ஒரே கலகலப்பா இருப்பார்" என்றாள் அவள். "இந்தக் கொஞ்ச மாசமாத்தான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறார்."

சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை இருவரும் தராசில் ஏறினார்கள். முள் ஆடி ஆடி, சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"முழு டேங்க் போடு" என்றார் வாத்தியார்.

பயணத்தில் ஒரு குறையும் இல்லை. கிரேன்காரரின் கை கிரேனில் பழகிய கை, அவசரப்படாது. போன இடத்தில் பூப்போல இறக்கி, திரும்பி வந்து கொட்டகை வாசலிலும் பூப்போல இறக்கினார்.

"நல்லா ஓட்டினீங்க. இனி லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் தன் அறைக்குள் போனார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

கிரேன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மனக்கட்டுப்பாடு வேணும்மா, அவ்வளவுதான்" என்றார் மெக்கானிக் பெண்ணிடம். "எங்க, நான் மட்டும் ஏறி நிக்கிறேன். எத்தனை கிலோ இறக்கினேன்னு வீட்டுல சொல்லணும். என்னைப் பூனைங்கிறா."

"இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்?"

அவள் தடுப்பதற்குள் ஏறிவிட்டார். முள் ஓடியது. அவர் பள்ளியில் சேர்ந்த அன்று தனியாக ஏறியபோது எங்கே நின்றதோ, அதே இடத்தில் போய் நின்றது.

"தராசு ரிப்பேராம்மா?"

"தராசு சரியாத்தான் இருக்குண்ணே."

"அப்போ தினமும் முள் இறங்குச்சே?"

அவள் வாத்தியாரின் அறையைப் பார்த்தாள். கிரேன்காரரும் பார்த்தார். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்ததும் தராசிலிருந்து கீழே இறங்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. நேற்று சிடுமூஞ்சி என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அறைக் கதவு திறந்தது. தொளதொளத்த பேன்ட் நழுவாமல் இடுப்பில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, உங்க பொண்ணு செஞ்ச கேக்கு... மிச்சம் ஏதாவது இருக்கா?"