நாலு மாதம் பத்து நாள்

'திரையை மட்டும் விலக்கிவிடாதே, காஷிஃப்' என்று மனத்துக்குள் கெஞ்சினாள் புஷ்ரா.

கணவனைப் பறிகொடுத்துச் சைதாப்பேட்டையில் தாய்வீட்டுக்குத் திரும்பியவள், மறுமணப் பேச்சே கூடாத 'இத்தா' என்னும் காத்திருப்புக் காலத்தில் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. பள்ளி நாளிலிருந்து அவளை நேசித்த பக்கத்துத் தெரு காஷிஃப், கதவுத் திரைக்கு அப்பால் நின்றான்.

"நாலு மாசம் பத்து நாள். ஒவ்வொரு நாளா எண்ணிக்கினு இருந்தேன். நேத்தோட இத்தா முடிஞ்சிச்சு. இப்ப கேக்கலாம்ல?"

"நீ கணக்குல எப்பவுமே வீக்கு" என்றாள்.

"தமாஷ் பண்ணாத. ஞாயித்துக்கிழமை எங்கம்மா மாம்பலத்துல பொண்ணு பேசி முடிக்கப் போறாங்க. நீ 'உம்'முன்னு சொன்னா போதும், நிறுத்திடுவேன். போன தடவை வாயத் தொறக்காம உன்னை விட்டுட்டேன். சொல்லு புஷ்ரா!"

அதைச் சொல்லத்தான் அவளும் தவித்தாள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையை அவளே விலக்கினாள். அவன் பார்வை அவளுடைய ஏழு மாத வயிற்றில் நின்றது.

"புள்ள பொறக்கிற வரைக்கும் எனக்கு இத்தாதான். அதுவரைக்கும் யாருக்கும் வாக்குக் குடுக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை வந்துடும், புஷ்ரா. ஒரே ஒரு 'உம்'..."

இல்லையென்று தலையசைத்துவிட்டு, அவள் திரையை இழுத்து மூடினாள்.