கோதுமை இல்லாத பான்கேக்

அன்றைக்குக் குருக்கள்மடத்தில் அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் வினாயகமூர்த்தி, அவர் மனைவி சுலோஜனா, மகள் பிரஷாந்தி. பெண் பார்க்கச் செட்டிபாளையத்திலிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளையின் பெரியம்மா சீதேவிப்பிள்ளையும் அவருடைய தம்பி உதயரூபனும். தானும் அங்கே நின்றதாகப் பிறகு கதை சொன்ன எவரையும் நம்ப வேண்டாம்.

குசினியில் சுலோஜனா பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார். துருவிப் பால் பிழிந்த தேங்காய்ப்பூவை வெயிலில் காயவைத்து அரைத்த மா, முட்டை, கொஞ்சம் கறுவாத்தூள். கோதுமை மா இல்லை, சீனி இல்லை. பிடிமானம் இல்லாததால் திருப்பும்போதெல்லாம் கல்லிலேயே உடைந்தது.

"ஒண்டாவது முழுசா வாவன், பிள்ளையாரே," என்று முணுமுணுத்தார். உடைந்ததையெல்லாம் அடியில் அடுக்கி, முழுசாய் வந்த ஒன்றை மேலே வைத்துக் கணவரிடம் அனுப்பினார்.

மேசையில் விருந்து வேறு. ஆற்றுக்கு அக்கரையில் அவர்களுடைய வயல் வட்டையில் விளைந்த அரிசிச் சோறு, பொரித்த இறால், மீன் குழம்பு. சோற்றின் ஆவி முகத்தில் அடிக்க, வினாயகமூர்த்தி பான்கேக் தட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஆடி மாதம் தொட்டு அவர் வாயில் சோறு படவில்லை. வயல் வரம்பிலும் இதுதான், கலியாண வீட்டுப் பந்தியிலும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் இதுதான். ஊரே பார்த்திருக்கிறது.

"என்ன மூர்த்தியண்ணன்," உதயரூபன் சிரித்தார். "சொந்த வயல் சோத்த எங்களுக்குப் போட்டுட்டு, நீங்க முட்டைச் சீலையையா தின்னுறீங்க?"

சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. கதிரையில் சாயாமல், முதுகு நிமிர்த்தி, இலையைத் தொடாமல் இருந்தார்.

"கை நனைக்க முந்தி ஒண்டு கேக்கணும், தம்பி. உங்கட வீட்டு முத்தத்தில காயிற தேங்காய்ப்பூ எங்கட ஊர் வரைக்கும் கதையா வந்திட்டுது. இந்த வீட்டில சீனி வருத்தமாம். ஆருக்கு?"

இதே கேள்விதான் முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களையும் படலையோடு திருப்பி அனுப்பியது. இதுவும் போனால் பிரஷாந்தியைக் கேட்டு இனி ஒருவரும் வரமாட்டார்கள். அந்த நீரிழிவு வருத்தம் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து வினாயகமூர்த்தி நிம்மதியாய்க் கண் மூடியதில்லை.

"எனக்குத்தான் அக்கா," என்றார்.

"எத்தினையில நிக்குது?" என்று கேட்டார் உதயரூபன்.

வினாயகமூர்த்தி மென்றதை விழுங்க முடியாமல் மகளைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்போடு நின்ற பிரஷாந்தி, "விடியக் குத்திப் பாத்தது நூத்தி அறுபது, மாமா. நேத்தையைவிடக் குறைவு," என்றாள்.

"பாத்தியாடா! தகப்பன்ட கணக்கு மகள்ட நாக்கு நுனியில நிக்குது." சீதேவிப்பிள்ளையின் முகம் இளகியது. "இப்பிடிப் பாக்கிற பிள்ளை எங்கட மாப்பிள்ளை நிதுர்ஷனையும் பாக்கும். கேளுங்க தம்பி, தாய்ட குடியில வருத்தம் எண்டா நான் இப்பவே எழும்பியிருப்பன். எங்கட பக்கத்து வழக்கில பிள்ளை தாய்வழிக் குடி. நீங்க வேற குடி. உங்கட வருத்தம் உங்களோட போகும்."

"ஓம் அக்கா. என்னோட போகும்."

சீதேவிப்பிள்ளை சோற்றில் கை வைத்தார். குசினி வாசலில் நின்ற சுலோஜனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மரத்தூள் போல வறண்ட பான்கேக் அப்போதுதான் வினாயகமூர்த்தியின் தொண்டைக்குள் இறங்கியது.

"தையில கலியாண எழுத்த வைப்பம்," என்றார் சீதேவிப்பிள்ளை. "ஆனா ஒண்டு. எங்கட குடும்பம் கோயில்ல முதல் மரியாதை வாங்கிற குடும்பம். கலியாணத்தண்டு சபையில ஒரு வருத்தக்காரன் முன்னுக்கு நிண்டு தாரைவாத்தா எங்களுக்கு வெக்கம். தாய்மாமன் நிக்கட்டும். நீங்க பின்னால எங்கயாவது இருந்து பாருங்க."

"அக்கா, அது கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார் உதயரூபன்.

"நீ இறாலத் தின்னு."

"எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை, அக்கா…" சுலோஜனா தொடங்கினார். வினாயகமூர்த்தி கையமர்த்தினார்.

பத்து வருடம் ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராய் இருந்த மனிதர். ஊர்க் கூட்டத்தில் அவர் எழுந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிள்ளைக்கு நல்லது நடந்தாப் போதும். நான் பின்னுக்கு நிக்கிறன்."

"பந்தலுக்குள்ளயும் வேணாம், தம்பி. ஆக்கள் கேப்பாங்க."

"ஓம். வெளியால நிக்கிறன்."

செம்பை மேசையில் வைத்துவிட்டுப் பிரஷாந்தி தகப்பனின் கதிரையருகே வந்து நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேரே சீதேவிப்பிள்ளையைப் பார்த்தாள்.

"மாமி, அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்ல. சீனி எனக்கு."