செவ்வாய்க்கிழமைக் குரல்

“கதவைச் சாத்திட்டீங்களா, மிஸ்டர் ரபேல்?”

“சாத்தியாச்சு.”

“வீட்டுல இன்னொரு போன் இருக்கா? யாராவது எடுத்துக் கேக்க முடியுமா?”

“ரயில் ஓட்டினவன் வீடு மேடம் இது. ஒரு போன் இருக்கிறதே பெரிசு.”

மறுமுனையில் மெல்லிய சிரிப்பு கேட்டது. மனநல ஆலோசகர், பெயர் குணபூசணி. பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த எண்ணை மனைவி மார்க்கிரட்தான் சுழற்றினாள். ரிசீவரை ரபேலின் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“முதல்லயே சொல்லிடறேன். வாரம் ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் பேசுவோம். எல்லாம் போன்லதான். பிடிக்காததை நீங்க சொல்ல வேணாம். சொன்னது என்னைத் தாண்டிப் போகாது, சாமியாருக்குக்கூட. மருந்து தர மாட்டேன், நான் டாக்டர் இல்ல. இன்னிக்கே மனசு லேசாயிடும்னு எதிர்பார்க்காதீங்க. சில பேருக்கு முதல்ல கோவம்தான் வரும்.”

“எனக்கு இப்பவே வந்திருச்சுலா.”

“நல்லது. யார் மேல?”

ரபேல் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். இருபத்தாறு வருடம் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில் ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. நாலு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கம்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது.

“ஆறு வாரத்துல மக டொரத்திக்குக் கல்யாணம், மேடம். சர்ச்சுல அப்பாதான் மகளைப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். என் தம்பி கபிரியேலைப் போகச் சொல்லிட்டேன்.”

“டொரத்தி என்ன சொல்றா?”

“நான் வரலன்னா தனியாவே நடப்பாளாம். பிடிவாதக்காரி.”

“யாரைப் போல?”

ரபேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டார்.

அடுத்த செவ்வாய் குணபூசணி கேட்டார், “அறையிலிருந்து வாசல் கேட்டுக்கு எத்தனை அடி எடுத்து வைக்கணும்?”

“தெரியாது.”

“அடுத்த வாரம் சொல்லுங்க.”

பதினெட்டு அடி. அதை எண்ணுவதற்குள் இரண்டு முறை சுவரில் முட்டிக்கொண்டார். நெற்றியில் புடைப்போடு மூன்றாம் செவ்வாய் ரிசீவரை எடுத்தபோது கோபம் பொங்கியது. தோளில் ரிசீவரை இடுக்கியபடி பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணீரை ஊற்றினார்.

“கண்ணு இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் சொல்றது சுலபம், மேடம்! ஏர்கண்டிஷன் ரூம்ல உக்காந்துக்கிட்டு நட நடன்னு சொல்றீங்க. இருட்டுன்னா என்னன்னு உங்களுக்கு...”

“நிறுத்துங்க, கப் நிறைஞ்சிருச்சு.”

ரபேல் விரலை வைத்துப் பார்த்தார். விளிம்பு வரை சூடு. “எப்படித் தெரிஞ்சுது?”

“ஊத்துற சத்தம் மாறிச்சே. உங்க காதுக்கும் கேட்டிருக்கும், நீங்கதான் கத்திக்கிட்டு இருந்தீங்க. சரி, திட்டி முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, கேட்டிலிருந்து சர்ச் எவ்வளவு தூரம்?”

“ரோட்டுல எண்ணிக்கை தப்பிடுது. மார்க்கிரட் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் முயற்சி பண்ணேன்.”

“ஜெபமாலை சொல்ற பழக்கம் உண்டா?”

“கண்ணு போனப்புறம் தொடல.”

“ஜெபத்துக்கு வேணாம், கணக்குக்கு எடுங்க. பத்து அடிக்கு ஒரு மணி தள்ளுங்க.”

அன்று மாலையே அலமாரிக்குப் பின்னாலிருந்து கம்பு வெளியே வந்தது. தினமும் மார்க்கிரட் பத்தடி பின்னால் நடந்தாள். ஒருமுறை ரோட்டோர லோங்காங்கில் கால் விட்டு முழங்கால் வரை சாக்கடை நீர். “இன்னிக்குப் போதும், வாங்க” என்றாள். “நீ போ, நான் முடிச்சிட்டு வரேன்” என்றார். முப்பத்தோராவது மணியில் சர்ச் கேட்டின் இரும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

ஆறாவது செவ்வாய் குணபூசணி சொன்னார், “கல்யாணத்துக்கு முதல் நாள் தனியா நடங்க. மார்க்கிரட்டும் வேணாம். நானும் உங்க பிரிக்பீல்ட்ஸ்லதான் இருக்கேன். பத்து மணிக்கு சர்ச் கேட்டுல வந்து நிக்கிறேன்.”

“நீங்க பார்க்கணும், மேடம். கண்டிப்பா நடந்து காட்டறேன்.”

அந்தச் சனிக்கிழமை ரபேல் தனியாகக் கிளம்பினார். வலக்கையில் கம்பு, இடக்கையில் ஜெபமாலை. மினிபஸ் உறுமிக்கொண்டு போனது. காப்பிக் கடை வாசம் வந்தது, அதைத் தாண்டி லோங்காங் வளைவு. கணக்குக்காக எடுத்த மணிகளோடு உதடு தானாக ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததை இருபதாவது மணியில்தான் கவனித்தார். நிறுத்தத் தோன்றவில்லை. முப்பத்தொன்று. இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நாளைக்கு டொரத்தி தனியாக நடக்க மாட்டாள்.

ஒரு கார் வந்து நின்றது. குதிகால் செருப்புச் சத்தம் நெருங்கியது.

“மேடம்?”

“நான் பூக்காரிங்க, அங்கிள். பீடத்துக்குப் பூ வைக்க வந்தேன்.”

மறுபடி காத்திருந்தார். தூரத்தில் டக், டக் என்று ஒரு கம்பின் சத்தம். பிரிக்பீல்ட்ஸில் அது நாள்தோறும் கேட்கிற சத்தம்தான், பார்வையற்றோர் நிறையப் பேர் வேலைக்குப் போய்வரும் தெரு அது. ஆலோசகர் வரும் நேரத்தில் வழியை மறித்து நிற்கக்கூடாது என்று ரபேல் மரியாதையாக ஒதுங்கினார்.

“போங்க, வழி விட்டுட்டேன்.”

கம்புச் சத்தம் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றது.

“வழி விட வேணாம், மிஸ்டர் ரபேல்,” என்றது செவ்வாய்க்கிழமைக் குரல். “உங்க கம்பைக் கொஞ்சம் இழுத்துக்குங்க, என் கம்பு அதுல சிக்கிக்கிச்சு.”