தொண்ணூற்றொன்றாம் வளையம்

படப்பையிலிருந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. செம்பாக்கம் ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி, கேமராவுக்கு ஒரு பிரியாணிக் கடைக் கவரை மாட்டி, சாம்பல் நாரை ஒன்றை நான்கு படம் எடுத்தேன். அதன் காலில் மஞ்சள் வளையம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எண் 91.

இந்தப் பக்கத்து ஏரிகளில் பறவைகளை அடையாளம் காண எண் போட்ட வளையம் மாட்டுபவர் ஜான்சி அக்கா. எண் வரிசை தவறாமல் மாட்டுவார். படத்தை அனுப்பியதும் போன் செய்தார்.

“எழில், நான் எண்பத்தாறு வரைக்கும்தான் மாட்டியிருக்கேன். போட்டோல நம்பர நீயே போட்டியா?”

“சத்தியமா இல்லக்கா. மழையில நனைஞ்சிகினு எடுத்தது.”

“அப்ப எடிட் பண்ணாத ஃபைல அனுப்பு. பொய்னா நம்ம பறவை குரூப்ல இருந்து தூக்கிடுவேன்.”

அனுப்பினேன். அதைப் பார்த்ததும் அக்கா மாடம்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். எதையோ மாட்டிவிட்டு மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பூட்டிய பீரோவிலிருந்து டப்பாவை எடுத்தார். மீதி வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, உள்ளே தெரியும் சிறு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. 87, 88, 89, 90. அடுத்த கவரில் 91-உம் இருந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இத எப்ப தொட்ட?”

“உங்க வீட்டுக்கே இப்பதான்க்கா வரேன்.”

அவர் என் விரல்களைப் பார்த்தார். நான் அவர் விரல்களைப் பார்த்தேன். கவரின் ஒட்டு பிரிக்கப்படவே இல்லை. உள்ளே, வளையத்தைச் சுற்றி ஏரிச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது.