முகத்தில் எதையும் காட்டாதீர்கள்

"குழந்தை உங்க முகத்தைத்தான் பார்க்கும் சார். எதையும் காட்டிடாதீங்க" என்றார் குழந்தைகளின் மனதை ஆராயும் ஆய்வாளர் அம்மா.

அது அவனுக்குக் கைவந்த கலை.

மனைவி இறந்ததிலிருந்து நான்கு வயது மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "கல்லு மாதிரி நிக்குதே" என்று சொந்தங்கள் முணுமுணுத்தது அவன் காதிலும் விழுந்தது. அடுத்தவர் வலி பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்கு அதனால்தான் அழைத்து வந்திருந்தான்.

ஆய்வாளர் பொம்மைச் சுத்தியலால் விரலில் அடித்துக்கொண்டதுபோல், "ஐயோ, வலிக்குதே!" என்று அழுதார்.

மகள் ஒருமுறை பார்த்தாள். மறுபடி கட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

சொந்தங்கள் சொன்னது சரிதானோ என்று அவன் பயந்தான். முகத்தை மட்டும் அசைக்கவில்லை.

அழுகை பலத்தது. மகள் பொம்மைக் கரடியோடு எழுந்தாள். அழுகிறவரைத் தாண்டி நடந்துவந்து, அதை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"அழறது நான்தானே, கண்ணு?"

"நீங்க சும்மா அழறீங்க."

"அப்பா அழவே இல்லையே?"

"இங்க குழாய் இல்லல்ல, அதான். வீட்டுல பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டுத்தான் அழுவார்."

சோதனையின் விதியை மறந்து அவன் கேட்டுவிட்டான். "நீ ஏன் பாப்பா அழல?"

"நானும் அழுதா நீ குழாயை மூடவே மாட்டியேப்பா."